ஸ்லைடரை இழுத்தாச்சு, படம் எப்ப வரும்?

ஒரு போட்டோவுல முகம் கொஞ்சம் இருட்டா இருக்கு. வெளிச்சம் ஏத்தணும். அவ்வளவுதான் வேலை. ஸ்லைடரைப் பிடிச்சு வலது பக்கம் இழுக்கணும், முகம் தெளியணும். விளம்பரத்துல பார்த்தா கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடுது. எங்க வீட்டுல? ஸ்லைடர் நகரும், படம் நகராது. நீல வட்டம் ஒண்ணு சுத்தும். திரை மொத்தமும் வெளிறிப்போகும். மேல தலைப்புல "நாட் ரெஸ்பாண்டிங்"னு எழுதி வரும். பதில் சொல்ல முடியலையாம்! நாங்களும்தான் ஊருக்கு ரோடு கேட்டு, தண்ணி கேட்டு எத்தனையோ மனு கொடுத்திருக்கோம். பதில் வராதுன்னு அங்க யாரும் நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டதில்லை. அந்த வகையில கம்ப்யூட்டர் யோக்கியம்.

நான் இருக்கிறது நெல்லிவாசல்நாடு. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ஜவ்வாது மலையில, திருப்பத்தூர் மாவட்டத்துப் பக்கம் மூணு நாடு இருக்கு. புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, அப்புறம் எங்க நாடு. பேர்லதான் நாடு, நிஜத்துல ஊராட்சி. கல்யாணம், காதுகுத்து, திருவிழான்னு கேமராவைத் தூக்கிக்கிட்டுப் போறது என் பிழைப்பு. பிழைப்பு இல்லாத நாள்ல நடுகல், சாமைக் கொல்லை, ராத்திரி வானம்னு கண்ணுல பட்டதையெல்லாம் எடுப்பேன். எடுக்கிறதுல ஒரு சிக்கலும் இல்லைங்க. எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து திறக்கிறோம் பாருங்க, அங்கதான் ஏழரை ஆரம்பிக்குது.

கல்யாண ஆல்பம் கேட்டு மாப்பிள்ளையோட அப்பா வந்தார். "ஆகிட்டே இருக்குண்ணே"ன்னேன். "வளைகாப்புக்குள்ள ஆகிடுமாப்பா?"ன்னு கேட்டார். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார். அந்தச் சிரிப்புதான் உறைச்சது.

சரி, இதுக்கு ஒரு வழி பண்ணணுமேன்னு விசாரிக்க ஆரம்பிச்சேன். விசாரிக்காமலே இருந்திருக்கலாம்.

முதல்ல தங்கச்சி பையன். பெங்களூருல கம்ப்யூட்டர் வேலை. வீட்டுக்குள்ள சிக்னல் நிக்காது, மேட்டுக்கு ஏறிப் போய் போன் போட்டேன்.

"மாமா, என்ன கான்ஃபிகரேஷன்?"

"ஐ ஃபைவ்டா. எட்டு ஜிபி ரேம், ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சிக்னல் போச்சுன்னு நினைச்சேன். சிரிப்பை அடக்கிக்கிட்டு இருந்திருக்கான்.

"மாமா, அதெல்லாம் இப்ப யாரும் வச்சிருக்கிறதில்லை. புதுசு வாங்கிடுங்க."

"எவ்வளவுடா ஆகும்?"

சொன்னான். நான் பேச்சை மாத்தி, "அம்மா நல்லா இருக்காளா?"ன்னு கேட்டுட்டு வச்சிட்டேன்.

அடுத்தது மலையிறங்கி ஒரு கடை. கடைக்காரர் மூடியைக்கூடக் கழட்டலை. மேல ஒரு தட்டு தட்டிப் பார்த்துட்டு, "மதர்போர்டு வீக் ஆயிடுச்சு சார், புதுசாப் பார்த்துடுங்க"ன்னார். மதர்போர்டு வீக்னா என்னங்க? ரத்தம் கம்மியா? டானிக் கொடுக்கணுமா? கேட்டா, "அது அப்படித்தான் சார்"ங்கிறார். அப்படித்தான்னா எப்படித்தான்? ரேடியோப் பொட்டியைத் தூக்கிட்டுப் போன காலத்துல, மெக்கானிக் பின்பக்கத்தைக் கழட்டி, மீட்டரை வச்சு, எந்த இடத்துல கரண்ட் நிக்குதுன்னு தேடுவார். கண்டுபிடிச்சதும் அவர் முகத்துல ஒரு வெற்றி தெரியும் பாருங்க! இப்ப அந்த முகத்தையே காணோம். கோளாறைத் தேடறதுல லாபம் இல்லை, புதுசு விக்கிறதுலதான் லாபம்.

மூணாவது, யூடியூப் வைத்தியர்கள். "இந்த ஒரே ஒரு செட்டிங்கை மாத்துங்க, பத்து மடங்கு ஸ்பீடு!" அந்த வீடியோ எங்க ஊர் சிக்னல்ல திறக்கிறதுக்குள்ள ஒரு டீ குடிச்சு முடிச்சிடலாம். இன்னொருத்தர் "ரேம் பூஸ்டர்"னு ஒரு சாஃப்ட்வேரைப் போடச் சொல்றார். போட்டா அதுவும் ரேம்லதான் போய் உட்காருது. இருக்கிற இடமே பத்தலைன்னு சொன்னா, இடம் பிடிச்சுக் கொடுக்கிறதா ஒருத்தன் வந்து உள்ளே பாயை விரிக்கிறான்!

இத்தனை பேர் சொன்னாங்களே, ஒருத்தராவது "எது தாமதம் பண்ணுது?"ன்னு கேட்டாங்களா? கேட்கலை. அதுதாங்க என் ஆதங்கமே.

கணக்கு ஒண்ணும் கம்பசூத்திரம் இல்லை. 24 மெகாபிக்சல் கேமராவுல ஒரு படம்னா 2 கோடியே 40 லட்சம் புள்ளி. ரா ஃபைலா கார்டுல இருக்கிறப்ப ஏறக்குறைய 25, 30 எம்பிதான். ஏன்னா கேமரா ஒவ்வொரு புள்ளியிலயும் சிவப்பு, பச்சை, நீலம் மூணுல ஒண்ணை மட்டும்தான் பதிஞ்சு வைக்கும். மீதி ரெண்டு நிறத்தையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகிச்சு நிரப்புறது கம்ப்யூட்டரோட வேலை. நிரப்பி முடிச்சா புள்ளிக்கு மூணு நிறம், நிறத்துக்கு ரெண்டு பைட், ஆக 144 எம்பி. இது ஒத்தைப் படத்துக்கு. அது மேல ஒரு லேயர் போட்டா அதுக்கும் இடம் வேணும். அன்டூ பண்றதுக்குப் பழைய நிலையையும் ஞாபகம் வச்சுக்கணும், அதுக்கும் இடம் வேணும். இருக்கிறதே எட்டு ஜிபி. அதுல ஏறக்குறைய பாதியை விண்டோஸும் பிரௌசரும் ஆன்டிவைரஸும் நாம உட்காருறதுக்கு முன்னாடியே பிரிச்சு எடுத்துக்கிட்டாச்சு.

ரேம்ங்கிறது களம், டிஸ்க்குங்கிறது குதிர்னு வச்சுக்குங்க. களம் பெருசா இருந்தா சாமையை மொத்தமாக் கொட்டி ஒரே மூச்சுல அடிச்சு முடிச்சிடலாம். சின்னக் களமா இருந்தா? கொஞ்சம் அள்ளிக் குதிருல போட்டு, கொஞ்சம் எடுத்து வந்து, மறுபடி போட்டு, மறுபடி எடுத்து... அடிக்கிற நேரத்தைவிட நடக்கிற நேரம் அதிகமாகிடும். ரேம் நிரம்பினா கம்ப்யூட்டரும் இந்த நடைதான் நடக்குது.

அது நடக்கிற வழியையும் பாருங்க. லேப்டாப்புல இருக்கிற பழைய ஹார்ட் டிஸ்க்குல பெரும்பாலானது நிமிஷத்துக்கு 5400 சுத்து சுத்தும். ஒரு சுத்துக்கு 11 மில்லி செகண்ட். வேண்டிய இடம் ஊசிக்குக் கீழ வர்றதுக்குச் சராசரியாப் பாதிச் சுத்து காத்திருக்கணும், ஊசி நகர்றதுக்கு வேற நேரம் ஆகும். அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம்னு சிதறிக் கிடக்கிற தகவலை எடுக்கச் சொன்னா, ஒரு செகண்டுக்கு நூறு இடத்தைத் தொட்டாலே பெரிய விஷயம். எஸ்எஸ்டியில சுத்துற தட்டும் கிடையாது, ஊசியும் கிடையாது. அதே ஒரு செகண்டுல பல ஆயிரம் இடத்தைத் தொட்டுட்டு வந்துடும். பழைய டிஸ்க் இப்படி நடக்கிறப்ப ஐ ஃபைவோ ஐ செவனோ என்ன பண்ணும்? குதிருலேர்ந்து மூட்டை வர்ற வரைக்கும் அதுவும் கையைக் கட்டிக்கிட்டுதான் நிக்கணும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணு கீயையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும். போட்டோவைத் திறந்து வேலை பார்த்துக்கிட்டே அதை ஓரக்கண்ணால பாருங்க. சிபியு நூறைத் தொட்டா ப்ராசசர் திணறுது. மெமரி தொண்ணூறைத் தாண்டினா ரேம் பத்தலை. சிபியு சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் நூறுலயே நின்னா டிஸ்க்தான் குற்றவாளி. எல்லாமே சும்மா இருந்தும் படம் மட்டும் தடுமாறினா, கிராஃபிக்ஸ் டிரைவரையோ அந்த சாஃப்ட்வேரையோ சந்தேகப்படணும். பழைய கிராஃபிக்ஸ் சிப்பா இருந்தா சாஃப்ட்வேர் செட்டிங்ல ஜிபியு உதவியை நிறுத்திப் பார்க்கலாம். சில நேரம் அந்த உதவியே உபத்திரவமா இருக்கும். அவ்வளவுதாங்க மருத்துவம். திறக்கக் கட்டணம் கிடையாது. விண்டோஸோட சேர்ந்தே வருது. இதைப் பார்க்காமத்தான் "புதுசு வாங்கு"ன்னு தீர்ப்பு எழுதுறாங்க.

நான் பார்த்தேன். சிபியு தேமேன்னு கிடக்கு. டிஸ்க் நூறு சதவீதம். மதர்போர்டு பாவம், அது மேல வீண் பழி! யார் இந்த டிஸ்க்கைப் போட்டு இந்தப் பாடு படுத்துறதுன்னு வரிசைப்படுத்திப் பார்த்தா, ஆஹா, என்ன ஒரு கூட்டம். நான் கேட்காமலே இறங்கிக்கிட்டு இருக்கிற ஒரு அப்டேட். என் ஃபைல்களையெல்லாம் படிச்சுப் பட்டியல் போடுற ஒரு தேடல் சேவை. நான் ஒவ்வொரு ரா ஃபைலைத் திறக்கிறப்பவும் அதுல கிருமி இருக்கான்னு மோந்து பார்க்கிற ஆன்டிவைரஸ். காதுகுத்துப் படத்துல என்னய்யா கிருமி? எப்பவோ செத்துப்போன பிரின்டருக்கு இன்னமும் காவல் காக்கிற ஒரு புரோகிராம். எல்லாத்துக்கும் மேல, நான் எடுத்த படம் அத்தனையையும் வானத்துல இருக்கிற ஏதோ ஒரு சேமிப்புக்கு அனுப்பியே தீருவேன்னு அடம்பிடிக்கிற ஒரு மகராசன். எங்க ஊர் சிக்னல்ல! ஒரு வாட்ஸ்அப் ஆடியோ போய்ச் சேர மேட்டுக்கு ஏறணும், இவர் 30 எம்பி ஃபைலை வரிசையா அனுப்பப் போறாராம்.

இதுல ஒருத்தரையும் நான் அழைக்கலை. ஸ்டார்ட்அப் லிஸ்ட்ல அவங்களே பேர் எழுதிக்கிட்டு உள்ளே வந்தவங்க. வீடு என்னுது, கரண்ட் பில்லு என்னுது. அதிகாரம் மட்டும் அவங்களுது.

விரட்ட வேண்டியதை விரட்டினேன். படம் இருக்கிற ஃபோல்டரை மட்டும் ஆன்டிவைரஸ் கண்ணுல இருந்து விலக்கினேன். அடுத்த சீசன் பணம் வந்ததும் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன். விண்டோஸ், சாஃப்ட்வேர், அதோட கேட்டலாக், கேஷ் எல்லாம் எஸ்எஸ்டியில. பழைய படங்கள் மட்டும் பழைய ஹார்ட் டிஸ்க்குல. எஸ்எஸ்டியை விளிம்பு வரைக்கும் ரொப்பாம கொஞ்சம் காலியா விட்டா அதுவும் மூச்சு விடும், சாஃப்ட்வேரும் அந்த இடத்தைத் தற்காலிகமாப் பயன்படுத்திக்கும்.

இன்னொரு உபாயமும் இருக்கு. முழுப் படத்தோட மல்லுக்கட்டாம சின்னப் பிரதியில வேலை பார்க்கிறது. லைட்ரூம் சாஃப்ட்வேர்ல இதுக்கு ஸ்மார்ட் ப்ரிவியூன்னு பேர், நீளப் பக்கம் 2560 பிக்சல்தான். வெளிச்சம், நிறம் எல்லாத்தையும் அதுலயே சரிபண்ணிக்கலாம், கடைசியா ஏற்றுமதி பண்றப்ப ஒரிஜினலைத் தொட்டாப் போதும். வேலையோட வரிசையும் முக்கியம். கறை, தழும்பு எடுக்கிறதையும் லென்ஸ் கோணலைத் திருத்துறதையும் முதல்ல முடிச்சிடணும். நாய்ஸ் குறைக்கிறதைக் கடைசிக்கு வச்சுக்கணும். அது ரொம்பக் கனமான கணக்கு. அதை முதல்லயே போட்டு வச்சா, அப்புறம் தொடுற ஒவ்வொரு ஸ்லைடரும் அந்தப் பாரத்தையும் சேர்த்து இழுக்கணும்.

வேகமாச்சுங்க. பொய் சொல்லலை. அதே "மதர்போர்டு வீக்" கம்ப்யூட்டர்தான், ஸ்லைடரை இழுத்தா படமும் கூடவே வந்துச்சு. கடைக்காரர்கிட்ட கொண்டுபோய்க் காட்டணும்னு ஒரு ஆசை வந்துச்சு. காட்டி என்ன ஆகப்போகுது?

இதோட கதை முடிஞ்சிருந்தா நான் ஏன் உங்க நேரத்தைத் தின்னப் போறேன்? அப்டேட் வந்துச்சு. சாஃப்ட்வேருக்குப் புது வெர்ஷன். பேர் வேண்டாம், எதை எடுத்தாலும் இதே கதைதான். திறந்ததும் வரவேற்புப் பக்கம், "புதுசு என்ன தெரியுமா?"ன்னு ஒரு வீடியோ, ஓரத்துல ஏஐ உதவியாளர். நான் கேட்டது வெளிச்சம் ஏத்த ஒரு ஸ்லைடர். அது என்னடான்னா, வானத்தை மாத்தட்டுமா, பின்னால நிக்கிறவரைத் தூக்கிடட்டுமான்னு கேட்குது. தூக்கிடாதய்யா, அவர் பொண்ணோட தாய்மாமன்! இந்த உபசாரம் அத்தனைக்கும் ரேம் வேணும். எஸ்எஸ்டி போட்டு நான் சம்பாதிச்ச வேகத்துல பாதியை அது வட்டியா வாங்கிக்கிச்சு.

இது நெல்லிவாசல்நாட்டுக்காரன் புலம்பல்னு நினைச்சுடாதீங்க. பாஸ்கல் மொழியை உருவாக்கின நிக்லவுஸ் விர்த், சுவிட்சர்லாந்துக்காரர், 1995லயே இதை எழுதி வச்சிட்டார்: ஹார்டுவேர் வேகமாகிறதைவிட சீக்கிரமா சாஃப்ட்வேர் மந்தமாகிக்கிட்டே போகுதுன்னு. சாஃப்ட்வேர் மெலியணும்னு அந்தப் பெரிய மனுஷன் கெஞ்சியே கேட்டார். 2024 புத்தாண்டு அன்னைக்குக் காலமானார். சாஃப்ட்வேர் மெலிஞ்சதா? போட்டோஷாப்போட முதல் வெர்ஷன் 1990ல வந்துச்சு. அதோட மூல நிரல் மொத்தமே சுமார் 1,28,000 வரிதான். 2013ல கலிபோர்னியாவுல இருக்கிற கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகம் அதை வெளியிட்டுச்சு. இன்னைக்கு அதே போட்டோஷாப்புக்குக் குறைஞ்சது 8 ஜிபி, நல்லா ஓட 16 ஜிபி ரேம் வேணும்னு போட்டிருக்கு. என் கம்ப்யூட்டர் அந்த வாசப்படியில செருப்பைக் கழட்டி விட்டு நிக்குது.

நம்ம ஊர்லயே பாருங்க. 2011 செப்டம்பர் 15ல தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சது. மலை வீடுகள்ல எத்தனையோ பேர் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்ததே அதுலதான். அந்தக் காலத்து லேப்டாப்புல 2 ஜிபி ரேம். பசங்க அதுல பிக்காசாங்கிற சாஃப்ட்வேரைப் போட்டு நூத்துக்கணக்குல படம் திருத்தினாங்க. வெளிச்சம் ஏத்தினாங்க, செங்கண்ணை எடுத்தாங்க, வெட்டினாங்க, ஒட்டினாங்க. இலவசம், இன்டர்நெட்டும் தேவையில்லை. 2016 மார்ச்சோட கூகுள் அதுக்கு மங்களம் பாடிடுச்சு. நல்லா ஓடுற எதையும் விட்டு வைக்கக் கூடாதுன்னு ஏதாவது வேண்டுதலா?

"சரி, ரேமைக் கூட்டிக்க வேண்டியதுதானே?" கேட்பீங்க. கேளுங்க. நிறைய மெலிசான லேப்டாப்புகள்ல ரேமை போர்டோட சேர்த்து ஈயம் வச்சு ஒட்டிடுறாங்க. வாங்கின அன்னைக்கு என்னவோ, ஆயுசுக்கும் அதுதான். ஸ்லாட் இருக்கிறவன் புண்ணியவான். அவனும் கடைக்குப் போனா விலையைக் கேட்டு வாயைப் பிளக்கிறான். உலகத்துக்கு ரேம் செய்யற பெரிய கம்பெனி மூணுதான்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ டேட்டா சென்டருக்கு வித்தா கொள்ளை லாபம்னு எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க. மைக்ரான் 2025 டிசம்பர்ல, நம்ம மாதிரி ஆளுங்க வாங்குற க்ரூஷியல் பிராண்டையே மூடப்போறதா அறிவிச்சது. அதாவது, எங்கேயோ ஒருத்தன் "பூனை யானை மேல உட்கார்ந்திருக்கிற படம் வரை"ன்னு ஏஐகிட்ட கேட்கிறதுக்காக, இங்க நான் நிஜமான மனுஷங்களை நிஜமா எடுத்த படத்தைத் திருத்த ரேம் கிடைக்காம உட்கார்ந்திருக்கேன்.

அப்புறம் விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14ஓட அதுக்கான வழக்கமான ஆதரவு முடிஞ்சுது. விண்டோஸ் 11க்குப் போகணும்னா டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதி வேணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாம் தலைமுறை சிப்பாவது இருக்கணும். ஏழாம் தலைமுறைக்காரங்கள்ல பெரும்பாலானவங்க நல்லா ஓடிக்கிட்டு இருந்தாலும் பட்டியல்ல இல்லை. உடம்புல ஒரு குறையும் இல்லாத ஆளை, பிறந்த வருஷத்தைப் பார்த்து "நீ போகலாம்"னு அனுப்புற கதை. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் இருக்கு, போட்டோ திருத்த டார்க்டேபிள் இருக்கு, கிம்ப் இருக்கு, எல்லாம் இலவசம், பழைய மெஷினுக்கும் மரியாதை கொடுக்கும். நிஜமாவே நல்ல வழி. ஆனா ஆல்பம் அடிக்கிற பிரஸ்காரர் கேட்கிறது போட்டோஷாப்போட பிஎஸ்டி ஃபைல். "லினக்ஸா? அதெல்லாம் நம்மகிட்ட இல்ல தம்பி."

வாடகைக் கதையையும் சொல்லிடுறேன். போட்டோஷாப்பைச் செய்யற அடோபி 2013 மே மாசத்துல, இனிமே புது வெர்ஷன் எல்லாம் சந்தாதான்னு அறிவிச்சது. மத்தவங்களும் ஒவ்வொருத்தரா அதே வழிக்கு வந்துட்டாங்க. ஒருதடவை காசு கொடுத்தோமா, தட்டை வாங்கி வீட்டுல வச்சுக்கிட்டோமான்னு இருந்த காலம் போச்சு. மாசா மாசம் கட்டணும். கட்டினது உண்மைதானான்னு சாஃப்ட்வேர் அப்பப்ப இன்டர்நெட் வழியா விசாரிச்சுக்கும். மழையில டவர் படுத்துடுச்சுன்னு அதுக்கு யார் சொல்றது? அதைச் சொல்லவும் இன்டர்நெட் வேணுமே!

இத்தனைக்கும் இது சாதாரண மலை இல்லை. இங்கேயே, காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு. 1960கள்ல வானியல் விஞ்ஞானி வைணு பாப்பு தேடித் தேடி இந்த மலையைப் பிடிச்சதுக்குக் காரணம் எங்க இருட்டு. ஊர் வெளிச்சம் கலக்காத வானம். 1968ல 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோட ஆரம்பிச்சாங்க. 1986ல 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்துச்சு, வடிவமைச்சுக் கட்டினது எல்லாம் உள்நாட்டிலேயே. 1977ல யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைச்சப்ப, அதைச் சுத்தி என்னமோ இருக்குன்னு பதிவு செஞ்ச இடங்கள்ல காவலூரும் ஒண்ணு. எங்கேயோ இருக்கிற ஒரு நட்சத்திரம் சில நொடி மங்கினதைப் பிடிச்ச மலைங்க இது!

அதே வானத்தை நானும் எடுக்கிறேன். ராத்திரி வானத்துல வெளிச்சம் கம்மி, படத்துல மணல் மணலா நாய்ஸ் வரும். அதுக்கு ஒரே இடத்தைப் பல தடவை எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கணும். 16 படம் அடுக்கினா நாய்ஸ் நாலுல ஒண்ணாக் குறையும். அழகான கணக்கு. ஆனா 16 படம்னா திறந்த நிலையில 2,300 எம்பிக்கு மேல. நட்சத்திரங்களை ஒண்ணோட ஒண்ணு பொருத்துற வேலை தனி. அடுக்குன்னு பட்டனை அமுக்கிட்டுப் படுத்துடுவேன். நடுராத்திரி வோல்டேஜ் இறங்கும். யுபிஎஸ் கத்தும். அப்புறம் கத்துறதையும் நிறுத்திடும். விடிஞ்சு பார்த்தா, "சரியாக மூடப்படவில்லை"ன்னு எனக்கே அறிவுரை சொல்லிக்கிட்டு உட்கார்ந்திருக்கும்.

காத்திருப்புன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 1975ல கோடாக் கம்பெனியில ஸ்டீவன் சாஸன்னு ஒரு இளம் இன்ஜினியர் உலகத்தோட முதல் டிஜிட்டல் கேமராவைக் கோர்த்து முடிச்சார். 0.01 மெகாபிக்சல், கறுப்பு வெள்ளை. ஒரு படம் கேசட்ல பதிய 23 செகண்ட் ஆச்சு. சோதனைக்கூடத்துல ஒட்டுப்போட்டு செஞ்ச பொட்டி, அதுக்கு அது சாதனை. அரை நூற்றாண்டு தாண்டியாச்சு. காசு கொடுத்து வாங்கின சாஃப்ட்வேர்ல ஒரு பிரஷ் இழுப்பு தெரியறதுக்கு 23 செகண்ட் காத்திருந்தா, அதுக்குப் பேர் என்னங்க?

இவ்வளவு பாடும் பட்டுத் திருத்தின படம் எங்கே போகுது தெரியுமா? "அண்ணே, வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க." போட்டா அது சுருக்கிப் பிழிஞ்சு அனுப்பும். இல்லேன்னா பரீட்சைக்கு விண்ணப்பம் போடுற பசங்க வருவாங்க. ஆன்லைன் படிவத்துல போட்டோ 20 கேபிலேர்ந்து 50 கேபிக்குள்ள இருக்கணுமாம். 2 கோடியே 40 லட்சம் புள்ளியில எடுத்து, 144 எம்பியாத் திறந்து, கம்ப்யூட்டர் மூச்சு வாங்கி, கடைசியில 50 கேபி! 51 ஆனா படிவம் ஏத்துக்காது. 19 ஆனாலும் ஏத்துக்காது. இந்தப் பக்கம் ஒரு உலகம் மெகாபிக்சலைக் கூட்டு கூட்டுன்னு விக்குது, அந்தப் பக்கம் ஒரு உலகம் கேபியைக் குறை குறைன்னு விரட்டுது. ரெண்டுக்கும் நடுவுல, கடைசி தேதி சாயங்காலம், அந்தப் பையன் என் பக்கத்துல நகத்தைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறான். அவன் பஸ்ஸைப் பிடிக்கணும். விட்டா அடுத்தது எப்பன்னு டிரைவருக்கே தெரியாது.

யோசிச்சுப் பார்த்தா எரிச்சல் கம்ப்யூட்டர் மேல இல்லை. மலையில இருக்கிறவனுக்குக் காத்திருப்பு பழகின சங்கதி. பஸ்ஸுக்குக் காத்திருக்கோம். சாதிச் சான்றிதழுக்குக் காத்திருக்கோம். பிரசவ வலி எடுத்தா ஆம்புலன்ஸ் மலையேறி வர்ற வரைக்கும் காத்திருக்கோம். எங்க நேரத்துக்கு விலை கிடையாதுன்னு எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணி ரொம்ப நாளாச்சு. நம்ம காசு போட்டு வாங்கி, நம்ம வீட்டுக்குள்ள வச்சிருக்கிற பொருளாவது நம்ம நேரத்தை மதிக்கும்னு நினைச்சோம். அதுல ஓடுற சாஃப்ட்வேரையும் யாரோ எங்கேயோ இருந்துக்கிட்டு எழுதுறாங்க. 64 ஜிபி ரேம், நிக்காத கரண்ட், அறுந்துபோகாத இன்டர்நெட். அவங்க மேஜையில அது பறக்குதுன்னா ஊரெல்லாம் பறக்கும்னு கணக்கு. பறக்கலைன்னா குத்தம் நம்ம மேல. "உங்க சிஸ்டம் பழசு சார்."

எனக்கு அதிகாரம் கிடைச்சா ஒரே ஒரு சட்டம் போடுவேன். போட்டோ சாஃப்ட்வேர் எழுதுற ஒவ்வொருத்தரும், வெளியிடுறதுக்கு முன்னாடி, ஒரு முகூர்த்த மாசம் முழுக்க எங்க ஊர்ல வந்து உட்காரணும். எட்டு ஜிபி ரேம், 5400 டிஸ்க், சாயங்கால வோல்டேஜ். வாசல்ல மாப்பிள்ளையோட அப்பா நிப்பார். நல்ல மனுஷன், திட்ட மாட்டார். "ஆச்சாப்பா?"ன்னு மட்டும்தான் கேட்பார். அந்த ஒரு மாசத்துல எத்தனை வரவேற்புப் பக்கம் காணாமப் போகும்னு பாருங்க.

சட்டம் வர்ற வரைக்கும் நம்ம கையில இருக்கிறதைப் பண்ணுவோம். யாராவது "புதுசு வாங்கிடுங்க"ன்னு சொன்னா, ஆளு கடைக்காரரா இருக்கட்டும், சொந்தத் தங்கச்சி பையனாவே இருக்கட்டும், "டாஸ்க் மேனேஜர்ல எது நூறுல நிக்குதுன்னு பார்த்தியா?"ன்னு திருப்பிக் கேளுங்க. பார்க்காம சொல்றவன்கிட்ட பர்ஸைத் திறக்காதீங்க.